பிந்தி வந்தோரும் பிந்தாத மேசையும்

சின்டரெல்லாவின் கதைக்கு உயிர்நாடியாய் இருப்பது கண்ணாடிப் பாதணி என்று பலர் எண்ணுவர். எனக்கோ அது கடிகாரம் என்றே தோன்றுகிறது. 1697ஆம் ஆண்டிலே பிரெஞ்சு எழுத்தாளர் சார்ள்ஸ் பெரோ அக்கதையை அச்சேற்றியபோது, அந்தப் பேதைப் பெண்ணை இரண்டு இரவுகள் அரண்மனை விருந்துக்கு அனுப்பிவைத்தார். முதலிரவிலே பதினொன்றே முக்கால் அடித்ததும் அவள் எழுந்து, முறையாக விடைபெற்றுப் போய்விடுகிறாள். இரண்டாம் இரவிலே இன்பத்தில் மூழ்கி நேரத்தை மறந்துவிடுகிறாள். பன்னிரண்டு அடிக்கிறது, ஓடுகிறாள், பாதணி கழன்று விழுகிறது. நேரந் தவறாத நாளிலே ஒன்றும் நிகழவில்லை. நேரந் தவறிய நாளிலேதான் கதை பிறந்தது.

அந்தச் சின்டரெல்லாவின் பெயரால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புளோரிடா மாநிலத்திலே ஒரு கோட்டை நிற்கிறது. அதன் உயரம் 189 அடி. ஓர்லாண்டோ நகருக்கு அண்மையில், ஏறக்குறைய 25,000 ஏக்கர் நிலத்திலே பரந்து கிடக்கும் வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் களியாட்டப் பேருலகின் முதற் பூங்காவான மஜிக் கிங்டத்தின் நடுவே, 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1ஆந் திகதி அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கோட்டையின் மேன்மாடியிலே ஓர் உணவகம் உண்டு. தொடக்கத்தில் அதற்கு ‘ஸ்ரெபான் மன்னனின் விருந்து மண்டபம்’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். ஸ்ரெபான் மன்னன் உறங்கும் அழகியின் தந்தை. சின்டரெல்லாவுக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கதையறிந்த குழந்தை எதுவும் கண்டுபிடித்துவிடக்கூடிய இந்தப் பிழையைத் திருத்தி, ‘சின்டரெல்லாவின் அரச மேசை’ என்று பெயர் மாற்ற 1997ஆம் ஆண்டுவரை சென்றது. இங்கே மேசைகளுக்குத்தான் நேரந் தவறக்கூடாது. பெயர்ப் பலகை ஆறுதலாக வரலாம் போலும்!

நான் எழுதப் புகுந்தது அந்த மேசைகளைப் பற்றி. இன்னுஞ் சரியாகச் சொன்னால், அவற்றிற்குப் பிந்தி வருவோரைப் பற்றி.

இவ்வுலகிலுள்ள பெரிய உணவகங்களில் இருந்து உண்ண விரும்புவோர் 60 நாள்களுக்கு முன்னரே இடம் பதிந்துகொள்ளலாம். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்கு முன்னர் இத்தவணை 180 நாளாக இருந்தது. ஆறு மாதத்தின் பின் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையிலே நம் வயிறு எதை வேண்டும் என்று எவருக்குத் தெரியும்? ஆயினும் மக்கள் பதிந்தார்கள். இப்போதும், தவணை திறக்கும் நாளிலே விடிகாலை ஆறு மணிக்கு முன்னரே அலாரம் வைத்து எழுந்து, கணினியின் முன் அமர்ந்து, கோட்டையில் ஒரு மேசைக்காகக் காத்திருக்கும் தாய்மார் பலர். 2023ஆம் ஆண்டிலே அந்த ஒரு பூங்காவுக்கு மாத்திரம் 1 கோடி 77 இலட்சம் வருகைகள் என்று துறையறிந்தோர் கணித்தனர். நாளொன்றுக்குச் சராசரி 48,000க்கு மேல். கோட்டையின் மாடியோ ஒன்றுதான்.

பதிவுச் சீட்டிலே குறிக்கப்படும் நேரங்களும் வேடிக்கையானவை. ஆறு மணி, ஆறரை மணி என்று முழுமையாய் வருவதில்லை. ஐந்து ஐந்து நிமிஷமாக நறுக்கி, 6.05 என்றும், 6.10 என்றும், 6.25 என்றும் கொடுக்கிறார்கள். ஒரே வேளையில் எல்லாரும் வந்து இறங்கினால் சமையற்கட்டு தாங்காது என்பதே காரணம். முற்பதிவு என்றதும், நம் பெயர் எழுதிய மேசையொன்று வெள்ளைத்துணி விரித்து நமக்காகவே காத்திருக்கும் என்று நினைத்துக் கொள்கிறோம். அப்படியன்று. அந்த நேரத்துக்குப் பின் நம் தொகையினர்க்குப் பொருத்தமாய் முதலில் ஒழியும் மேசை நமக்கு என்பதுதான் அதன் பொருள். கலியாண வீட்டிலே அடுத்த பந்தியில் நமக்கோர் இலை உண்டு என்று சொல்லிவைப்பது போல. வேறுபாடு என்னவென்றால், அங்கே பந்தி எழும்பும்வரை நிற்பவரை ‘வாருங்கோ’ என்று கையைப் பிடித்து அழைக்க ஒரு மாமா இருப்பார். இங்கே ஒரு சிறு மேடையும், அதன் பின்னே புன்னகை பூத்த ஓர் இளம்பெண்ணும், அவள் கையிலே ஒளிரும் ஒரு பலகையும்.

ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். ஒஹாயோவிலிருந்து வந்தவர்கள், தந்தை, தாய், பாட்டி, எட்டு வயதுப் பெண், நான்கு வயதுப் பையன். பெண்ணின் பிறந்தநாள். கோட்டையில் 6.10க்கு மேசை. இரண்டு ஆண்டுகள் சேமித்த பயணத்திலே ஒரே ஒரு பெரிய சாப்பாடு. காலையிலே பூங்காவைச் சுற்றிவிட்டு, நண்பகல் வெயில் தாங்காமல் விடுதிக்குப் போய்ச் சற்றே உறங்கி, ஐந்து மணிக்குத் தங்கள் காரிலே மீண்டும் புறப்படுகிறார்கள். எழுபது நிமிஷம் இருக்கிறதே, போதாதா என்று தந்தை எண்ணுகிறார்.

போதாது. மஜிக் கிங்டத்தின் வாசலிலே கார் நிறுத்த முடியாது. அப்படித்தான் அதை அமைத்தார்கள். வெளியுலகை மறந்து மெல்ல மெல்லக் கனவுக்குள் நுழையவேண்டும் என்பதற்காக, வாகனத் தரிப்பிடத்துக்கும் பூங்காவுக்கும் இடையிலே ஒரு பெரிய நீர்நிலையை வைத்தார்கள். காரை விட்டிறங்கி, ஒரு தொடர்வண்டியில் ஏறி, பைகளைச் சோதிக்கும் இடத்தைக் கடந்து, பின்னர் ஒற்றைத் தண்டவாள வண்டியிலோ படகிலோ அக்கரை சேரவேண்டும். கோடை மாலைகளிலே புளோரிடாவில் இடிமழை பெய்வது வழக்கம். மின்னல் வந்தால் படகு நின்றுவிடும். படகுக்கு நின்றவர்கள் எல்லாரும் வண்டி வரிசைக்கு ஓடுவார்கள். நமது குடும்பம் வாயிலைக் கடக்கும்போது மணி 6.12.

வாயிலைக் கடந்தபின் வருவது மெயின் ஸ்ட்ரீட் என்னும் கடைத்தெரு. அதன் கடைகளைப் பார்த்தால் மூன்று மாடிக் கட்டடங்கள் போலிருக்கும். மேலே போகப் போக ஒவ்வொரு மாடியையும் சிறிதாக்கிக் கட்டிக் கண்ணை மயக்கியிருக்கிறார்கள். இது சினிமாக் காட்சியமைப்பாளரின் பழைய தந்திரம். கோட்டையும் அவ்வாறே: கோபுரங்கள் மேலே செல்லச் செல்லக் குறுகுவதால், உள்ளதைவிட உயர்ந்து தெரிகிறது. பூங்காவின் ஒவ்வொரு கோடியிலும் தூரத்திலிருந்தே கண்ணைக் கவரும் உயர்ந்த பொருள் ஒன்றை நிறுத்தவேண்டும் என்பது 1966ஆம் ஆண்டிலே மறைந்த வோல்ட் டிஸ்னியின் கொள்கை. நாய்க்கு முன்னே இறைச்சித் துண்டைக் காட்டி அதனை விரும்பிய திசைக்கு நடத்துவது போல என்று சொல்லி, அந்தத் துண்டின் பெயராலேயே அவ்வுத்தியை அவர் அழைத்தார். மனிதரைப் பற்றிய மதிப்பீடு சற்றுக் குறைவுதான், ஆனால் உண்மை. நான்கு வயதுப் பையனுக்கு 6.10 என்றால் என்ன? அவனுக்கு முன்னே பலூன் விற்பவன் நிற்கிறான், குதிரைவண்டி நிற்கிறது, மிட்டாய் செய்யும் கண்ணாடிச் சாளரம் இருக்கிறது. அவனைத் தாமதிக்க வைப்பதற்கென்றே உலகின் தலைசிறந்த சிற்பிகளும் ஓவியர்களும் கூடி உழைத்திருக்கிறார்கள்.

இதுதான் இந்த விவகாரத்தில் எனக்குப் பெருஞ் சுவையாய்ப் படுவது. நேரத்தை மறக்கச் செய்வதே இவ்விடத்தின் வாணிகம். மறப்பதற்காகவே சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். எப்கொட் என்னும் இரண்டாவது பூங்காவிலே, மெக்சிக்கோ நாட்டுக்குரிய கூர்நுனிக் கோபுரத்தின் உள்ளே ஓர் உணவகம் இருக்கிறது. வெளியே நடுப்பகல் வெயில் எரிந்தாலும் உள்ளே எந்நேரமும் அந்தி மங்கல்தான். அங்கே உண்போர்க்குப் பொழுது சாய்வதுமில்லை, விடிவதுமில்லை. ஆனால் அதனுள் நுழைய முன்பதிந்தவர் மாத்திரம் 1.35க்கு வந்து நிற்கவேண்டும். அதே பூங்காவில் பதினொரு நாடுகளின் மண்டபங்கள் ஓர் ஏரியைச் சுற்றி ஒன்றேகால் மைல் வட்டத்தில் நிற்கின்றன. பின்வாசலாலே, அதாவது பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே நுழைந்தவர் மெக்சிக்கோவுக்குப் போக, கனடாவைத் தாண்டியோ, அன்றி யப்பான், அமெரிக்கா, ஜேர்மனி எல்லாவற்றையும் தாண்டியோ நடக்கவேண்டும். வழியிலே எத்தனை நாடுகள் கைநீட்டி அழைக்கின்றன!

இதைவிடக் கடியது போர்ட் வில்டர்னெஸ் என்னும் முகாம் காட்டின் நடுவே, 1974ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ‘ஹூப்-டீ-டூ’ ஆடல்பாடல் விருந்து. அங்கே வெளியிலிருந்து வருவோர் காரை முகப்பிலேயே விட்டுவிட்டு, முகாமின் உள் பஸ்ஸில் ஏறி, மரங்களுக்கிடையே நின்று நின்று போகவேண்டும். அல்லது மஜிக் கிங்டத்திலிருந்து படகில் வரவேண்டும். பணமோ முழுவதும் முற்பணம். ஆட்டமோ குறித்த வேளையில் தொடங்கிவிடும். பிந்தியவனுக்காகப் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து பாடமாட்டார்கள்.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். முன்னொரு காலத்திலே பலர் ஒரே மாலைக்கு இரண்டு மூன்று உணவகங்களில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசியில் மனம் போனபடி ஒன்றுக்குப் போய், மற்றவற்றை அறிவியாமலே விட்டுவிடுவது வழக்கமாயிருந்தது. இதனால் மேசைகள் வெறுமையாய்க் கிடக்க, இடமில்லையென்று திருப்பப்பட்டவர்கள் வெளியே பசியோடு நின்றார்கள். எனவே 2011ஆம் ஆண்டிலே சில உணவகங்களிலும் பின்னர் பெரும்பாலானவற்றிலும், பதிந்துவிட்டு வாராதவர்க்குத் தலைக்குப் பத்து டொலர் அறவிடும் விதி வந்தது. குறைசொல்ல ஒன்றுமில்லை.

வெறும் மேசையினால் நட்டப்படுபவர் முதலாளி மாத்திரமல்லர். அமெரிக்காவிலே உணவு பரிமாறுவோரின் வருவாயிற் பெரும்பங்கு உண்போர் மனமுவந்து வைக்கும் பணத்திலேதான் தங்கியிருக்கிறது. அத்தகைய தொழிலாளருக்கு நடுவணரசு விதித்த அடிப்படைக் கூலி 1991ஆம் ஆண்டிலிருந்து மணித்தியாலத்துக்கு 2 டொலர் 13 சதமாகவே நிற்கிறது. புளோரிடா மாநிலத்தின் விதி இதனினும் கூடியதுதான். எனினும் ஒரு மேசை நாற்பது நிமிஷம் வெறுமையாய்க் கிடந்தால், அதைப் பார்த்து நிற்கும் பெண்ணின் அன்றைய வீட்டுக் கணக்கிலே ஒரு வரி குறைகிறது. பிந்தி வருபவனின் மனக்கண்ணில் இந்தப் பெண் ஒருபோதும் தோன்றுவதில்லை. அவன் காண்பது மேடைமேல் நிற்பவளை மாத்திரமே. அவளையும் எதிரியாகவே காண்கிறான்.

வழக்கத்திலே கால்மணி நேரம் வரையிலான தாமதத்தைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேலாயின் மேசை கிடைப்பதும் கிடையாததும் அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. ஆனால் தண்டம் வாராதவனுக்கேயன்றிப் பிந்தியவனுக்கு அன்று. இதையறியாமல், ‘நேரம் போய்விட்டது, இனி என்ன முகத்தோடு போவது?’ என்று வழியிலே திரும்பிவிடுகிறவர்களே மேசையையும் இழந்து பணத்தையும் இழக்கிறார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னரே தெரிந்திருந்தால் பதிவை நீக்கிவிடலாம். வேறு நேரம் ஒழிந்திருந்தால் கைத்தொலைபேசியிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஒன்றும் முடியாவிட்டால், நேரே போய் மேடையின் முன் நின்று உண்மையைச் சொல்வதே வழி. எனக்கென்னவோ, பசியை விட அந்தக் கூச்சந்தான் அதிகமானவரை வருத்துகிறது என்று படுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்து வாசலில் நின்ற எவரும் அதை மறந்துவிடுவதில்லை. ஐம்பது வயதிலும், கையில் பணம் இருக்கும்போதும், அந்த வாசல் நம்மோடு கூட வருகிறது.

நமது குடும்பம் கோட்டையின் கீழ்வாயிலை அடைந்தபோது மணி 6.35. தாயின் கண்கள் சிவந்திருந்தன. இரண்டு மாதத்துக்கு முன்னொரு விடிகாலையிலே எழுந்து பிடித்த மேசையல்லவா? அதற்கிடையே கணவனும் மனைவியும் தெருநடுவே இரண்டு கடுஞ்சொற்கள் பரிமாறிக்கொண்டிருந்தனர்: ஐந்து மணிக்குப் புறப்படலாமென்று சொன்னவர் யார், பலூனுக்கு நின்றவர் யார் என்று. பாட்டி ஒன்றும் பேசவில்லை. சிறுவனின் ஈரச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

மேடையிலிருந்த பெண் ஒளிப்பலகையைப் பார்த்தாள். ‘ஏன் பிந்தினீர்கள்?’ என்று கேட்கவில்லை. ‘இன்று ஏதேனும் விசேஷமா?’ என்று கேட்டாள். எட்டு வயதுப் பெண் தன் பெயரையும் வயதையும் சொன்னாள். பிறந்தநாள் என்று பொறித்த வட்டச் சின்னம் ஒன்றை எடுத்து, மைக்கோலால் அதிலே பெயரெழுதிக் குழந்தையின் சட்டையில் குத்திவிட்டு, ‘ஐவருக்கான மேசை ஒன்று ஒழியச் சிறிது நேரமாகும், அங்கே இருங்கள்’ என்று சுவரோரத்து வாங்கைக் காட்டினாள்.

இருந்தார்கள். பத்து நிமிஷம் போயிற்று; இருபது போயிற்று. 7.10க்குப் பதிந்தவர்கள், தலைசீவி உடையணிந்து, ஐந்து நிமிஷம் முந்தியே வந்து இவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு எதிரே நின்றார்கள். சிறுவன் பாட்டியின் மடியிலே உறங்கிவிட்டான். பெயர் அழைக்கப்பட்டபோது, தந்தை அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடிப்படியேறினார். ஈரச் சப்பாத்து இன்னும் பாட்டியின் கையில்தான் இருந்தது. பாதி ஏறியபின் அவள் நின்று கையைப் பார்த்தாள், ஒன்றுதான் இருந்தது. மற்றது கீழே வாங்கின் அடியில்.