ஆற்று வண்டலில் வரும் விஷம்

ஆற்றோரப் படுகை நிலத்தை அதிக விலை கொடுத்து வாங்கவும் குடியானவர் தயங்குவதில்லை. வெள்ளந்தோறும் படியும் வண்டல் செலவின்றிக் கிடைக்கும் எரு என்பது அவர்களுடைய அனுபவம். ஆயினும், ஆற்றின் மேற்பகுதியில் சுரங்கமோ ஆலையோ கழித்துவிடும் உலோகங்களைப் பற்றிக்கொண்டு வந்து வயலில் இறக்குவதும் அவ்வண்டலின் நுண்ணிய துகள்களே. இதனால் ஒரு பிரதேசம் அடைந்த கதியை ஜப்பான் தேசத்து ஜின்ஸு நதிப் பாசனத்தில் காணலாம்.

டொயாமா மாகாணத்து நெல்வயல்களுக்குப் பாயும் அந்நதியின் மேற்புறத்தில் காமியோகா என்னும் துத்தநாக, ஈயச் சுரங்கம் இருந்தது. துத்தநாகக் கல்லில் காட்மியம் என்னும் உலோகமும் இயற்கையாகவே கலந்திருக்கும். கல்லைப் பொடித்துக் கழுவிய கழிவு நதியிற் சேர்ந்து, வாய்க்கால் வழியே வயல்களை அடைந்தது. நீர் புகும் மடையை அடுத்த மண்ணில் விஷம் மிகுதி, நீர் வடியும் பக்கத்தில் குறைவு. பயிர் நஷ்டத்தைப் பற்றிய முறையீடுகள் நெடுங்காலம் நடந்தன. அதைவிடக் கொடியது மனிதருக்கு நேர்ந்த நோய். பிள்ளைகள் பெற்று வயது முதிர்ந்த பெண்களே பெரும்பாலும் அதற்கு இரையாயினர். சிறுநீரகம் கெட்டு, எலும்பு மென்மையாகி, இருமினாலே முறியும் நிலை வந்தது. "வலிக்கிறதே, வலிக்கிறதே" என்று அவர்கள் அலறிய 'இதாய் இதாய்' என்ற சொல்லே நோயின் பெயராயிற்று. காட்மியமே காரணமென்று 1968-ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1971-இல் நியாயஸ்தலமும், 1972-இல் மேல் நியாயஸ்தலமும் நோயாளிகளுக்கு நஷ்டஈடு அளிக்கும்படி தீர்ப்புச் செய்தன.

இவ்விஷம் ஏறிய நெல் கண்ணுக்கு நல்ல நெல்லாகவே தோன்றும். அதிலும் விசேஷம் யாதெனில், வயலில் நீர் நிற்கும்வரை காட்மியம் கந்தகத்துடன் கூடிக் கரையாப் பொருளாய் மண்ணிலே கிடக்கும். நீரை வடித்து மண்ணிற் காற்றுப் புகுந்தவுடன் கரைந்து வேரில் ஏறும். ஆகையால் கதிர் வெளிவரும் முன் மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் நீர் நிறுத்துவதை ஜப்பானியக் குடியானவர் கைக்கொண்டனர். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதும் உதவும். ஆனால் அதே மண்ணில் ஆர்சனிக் என்னும் பாஷாணமும் இருக்குமானால் நீர் நிறுத்துவதே கேடாய் முடியும்; அது நீர் நிற்கும்போதுதான் கரைந்து நெல்லிற் சேரும். மண்ணைச் சோதியாமல் கைப்பாகம் செய்வது இவ்விஷயத்தில் ஆகாது.

கெட்ட மண்ணைத் திருத்துவதோ இலேசான காரியமன்று. ஜின்ஸுப் படுகையில் விஷமண்ணைக் கீழே புதைத்து, மேலே வேறிடத்து நல்ல மண்ணைப் பரப்பினார்கள். சுமார் 860 ஹெக்டேர், அதாவது 2,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்கு இவ்வேலை 2012-ஆம் ஆண்டில்தான் முடிந்தது. முப்பது வருஷத்திற்கு மேல் பிடித்தது.

இப்போது வண்டலோடு பிளாஸ்டிக் தூளும் வருகிறது. சுவிட்ஸர்லாந்தில் காப்பு நிலங்களாக ஒதுக்கப்பட்ட 29 ஆற்றுப் படுகைகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்குத் தொண்ணூறு மண்மாதிரிகளில் அது இருந்தது. உழவில்லாத, ஊருக்குத் தொலைவான மலைப்படுகைகளும் தப்பவில்லை. அவற்றிற்குக் காற்றே கொண்டுசென்றிருக்க வேண்டுமென்பது ஆராய்ந்தோர் அபிப்பிராயம். வயலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க ஏற்ற வழி இல்லை. நகரக் குப்பை உரம் வாங்குவோர் சலித்து வாங்குவது பெருந்துண்டுகளையேனும் தடுக்கும்.

படுகை நிலத்தில் மண்மாதிரி எடுப்போர், மடை வாயிலிலும், வயலின் நடுவிலும், வடிகால் ஓரத்திலும் தனித்தனியே எடுத்து, மூன்றையும் கலவாமல் அடையாளமிட்டு அனுப்புதல் வேண்டும். கலந்தால் மடையருகே உள்ள விஷம் மற்ற மண்ணில் மறைந்துபோகும்.