கியர்பாக்ஸ் பழுதும் நீட்டித்த வாரண்டியும்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோ டர்போவோ கெட்டால் எஸ்டிமேட் லட்சத்தைத் தொடக்கூடும். நீட்டித்த வாரண்டி இருந்தும் அதைக் கையிலிருந்து கட்டுகிறவர்கள் உண்டு. பழுதை உரிய நேரத்தில் எழுத்தில் பதிவு செய்தால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

எச்சரிக்கை விளக்கு எரிந்து கியர் விழத் தடுமாறினால், வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். விளக்கைப் பார்த்த பிறகும் ஓட்டியதால்தான் சேதம் கூடியது என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க வழியுண்டு. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக் கழற்றவும் வேண்டாம். டோ வண்டி வைத்து, கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்கே அனுப்புங்கள்.

அதற்குள் வாரண்டித் தாளைப் படித்துவிடலாம். முடிவு தேதி, கிலோமீட்டர் இரண்டில் எது முந்துகிறதோ அதோடு வாரண்டி தீரும். தேய்ந்து போகும் பிரேக் பேட், கிளட்ச் தட்டு, வைப்பர் போன்றவை பொதுவாக இதில் சேராது. சர்வீஸ்களைக் காலத்தில் செய்த பில்களை எடுத்து வையுங்கள். ஹாரனுக்கோ விளக்குக்கோ வெளியில் ஒயரை வெட்டி இணைத்திருந்தால் மின்சாரப் பழுதுகளில் சிக்கல் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நடந்ததுபோல் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால், அது வாரண்டியின் வேலையே இல்லை. இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருக்கிறோமா என்றுதான் பார்க்க வேண்டும்.

இனி ஜாப் கார்டு. இங்கே அவசரப்படவே கூடாது. ‘பொதுச் செக்கப்’ என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘இன்ஜின் சூடானதும் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது உதறுகிறது, விளக்கு எரிகிறது’ என்று நீங்கள் கண்டதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர் இரண்டும் அதில் இருக்கட்டும். வாரண்டி முடிய ஒரு வாரமே இருக்கும்போது பழுது வந்தால், பழுது முன்பே வந்தது என்பதற்கு இந்தத் தாளே சாட்சி. ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீடுகளின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

கழற்றிப் பார்க்க அனுமதி கேட்பார்கள். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் அந்தக் கூலி யாருடையது என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கம்பெனியின் ஒப்புதல் வரும்வரை பணம் கட்டி வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள். முன்அனுமதி இல்லாத செலவைத் திரும்பப் பெறுவது கடினம். ஆயில், கூலன்ட் செலவு சேருமா என்பதையும் கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது, மாற்றிய பாகம் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுத்தால், எந்த விதியின்படி என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப் பதிலை ஏற்காதீர்கள். அடுத்து கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு, அதற்கடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். ஜாப் கார்டு, ஸ்கேன் பிரதி, மறுப்பு மின்னஞ்சல், சர்வீஸ் பில்கள், வாரண்டித் தாள் ஆகியவற்றை அதனுடன் இணையுங்கள்.