உள்ளங்கை சொல்லும் சேதி

மாணவர்களே, இரவில் தகரக் கூரைமேல் தேங்காய் ஒன்று ‘தொம்’மென்று விழுந்தால் என்ன செய்வீர்கள்? திடுக்கிட்டுத் திரும்புவீர்கள். அதே நேரத்தில், உங்களுக்கே தெரியாமல் உள்ளங்கை இலேசாக வியர்க்கும்.

‘இதைக் கவனி’ என்று மூளை உணர்ந்ததும், பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. வியர்வையில் உப்பு இருப்பதால் தோல் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்துகிறது. இரண்டு விரல்களில் மின்முனைகளைப் பொருத்தி, நாம் உணராத அளவு சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தினால் இம்மாற்றத்தை அளக்கலாம். ஒலி கேட்ட 1 முதல் 3 விநாடிக்குள் கருவியின் கோடு மேலே ஏறும். அதே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் மூளை பழகிவிடும், கோடும் அடங்கிவிடும்.

மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு இல்லாத குரல்கள் கேட்கலாம்; யாரோ தீங்கு செய்வதாக அவர்கள் உறுதியாக நம்பலாம். இவர்களில் ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காட்டினருக்குச் சாதாரண ஒலி கேட்டும் கோடு அசைவதில்லை எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மற்றவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினரே அப்படி. காதில் குறையில்லை, ஒலியைக் கவனத்தில் கொள்ளும் மூளையின் செயலில்தான் வேறுபாடு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம் முன்னோர் இங்குள்ள ரப்பர் தோட்டங்களுக்கு வந்ததுபோல், மொரிசியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர் உட்பட இந்தியர் பலர் சென்றனர். அத்தீவில் 1972-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பின்னாளில் இந்நோய் யாருக்கு வரக்கூடும் என முன்கூட்டியே அறிய முடியுமா? இதுதான் கேள்வி. பீட்டர் வெனபிள்ஸ் முதலான அறிவியலாளர்கள், 3 வயதுக் குழந்தைகள் 1,795 பேருக்கு ஒலிகளைக் கேட்கச் செய்து விரல்களில் அளந்தனர். அவர்களில் 100 பேருக்குச் சிறப்புப் பாலர் பள்ளியில் 2 ஆண்டுகள் சத்துணவு, உடற்பயிற்சி, கல்வி கிடைத்தன. 11 வயதில் மீண்டும் அளந்தபோது, அப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைவிட இவர்களின் கோடு நன்றாக ஏறியது. மூளை பிறந்தபடியே நின்றுவிடுவதில்லை!

ஒன்றை மறவாதீர்கள். கோடு அசையாத எல்லாருக்கும் இந்நோய் இருப்பதில்லை. இந்தச் சோதனையை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் நோயை முடிவுசெய்வதுமில்லை.

நம் தோட்டங்களில் இப்படிப்பட்டவரைப் பார்த்து ‘பேய் பிடித்திருக்கிறது’ என்பார்கள். பள்ளியில் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று கேலி செய்வார்கள். விரல் நுனியிலேயே அளக்க முடிகிற மாற்றம் பேயின் வேலையா? இது மூளையைப் பற்றிய நோய், சிகிச்சையும் உண்டு. வீட்டில் யாருக்காவது இந்த அறிகுறிகள் இருந்தால், நாள் கடத்தாமல் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள்.