பதினைந்தாம் நாள் மூடியைத் திறந்தால்…

விளம்பரம் சொன்னது 14 நாளில் உரம். நாள் தவறாமல் டிரம்மைச் சுற்றியாயிற்று, கூடவே வந்த பொடியையும் தூவியாயிற்று. பதினைந்தாம் நாள் மூடியைத் திறந்தால், உள்ளே கொழுக்கட்டை கொழுக்கட்டையாகக் கறுப்பு உருண்டைகள். நடுவே பச்சை மாறாத முருங்கைக்காய்த் தோல். முகத்தில் அடிக்கும் புளித்த வாடை. மாடித்தோட்டம் போட்டவர்களில் பலருக்கும் பழக்கப்பட்ட காட்சி இது. இதற்குப் பிறகு சிலர் டிரம்மை மாடி மூலையில் தள்ளிவிடுகிறார்கள். சிலர் விற்றவரோடு தொலைபேசியில் சண்டை போட்டுவிட்டு ஓய்ந்துபோகிறார்கள். நடந்தது பொருளின் குறையா, கைக்குறையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் உரமும் கிடைக்கும். தேவைப்பட்டால் கொடுத்த பணமும் திரும்பும்.

கடைகளில் இதற்குக் ‘கம்போஸ்ட் டம்ளர்’ என்று பெயர். டம்ளர் என்றதும் டபராவும் கூடவே நினைவுக்கு வருவது நம் ஊர்ச் சங்கடம். இரும்புக் கால்களின் மேல் படுத்திருக்கும் பிளாஸ்டிக் டிரம், நடுவில் ஓர் அச்சு, உள்ளே சில துடுப்புகள், சுவரில் காற்றுத் துளைகள், கருவி அவ்வளவுதான். செய்கிற வேலையும் புதிதல்ல. வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1920களில் இந்தூரில் உழவர்களிடம் பார்த்துக் கற்று வகுத்த உரமுறையில், குவியலை மண்வெட்டியால் பலமுறை புரட்டிப் போடுவார்கள். காற்று உள்ளே போனால்தான் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கும். மண்வெட்டி செய்ததைக் கைப்பிடி செய்கிறது, முதுகு தப்பிக்கிறது.

ஆனால் புரட்டுவதால் மட்டும் 14 நாளில் உரமாகிவிடாது. சூடு பிடித்து வேகமாக மக்க, ஏறத்தாழ ஒரு கன மீட்டர் குவியல் வேண்டும். அந்த அளவில் உட்புறச் சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மூன்று நாள் அப்படி நின்றால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் மடியும். வீட்டு டிரம்மின் கொள்ளளவு அதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. பிடித்த சூடு சுவர் வழியே வெளியேறிவிடும். போதாததற்கு, நாம் தினமும் புதுக் கழிவைப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். நேற்றைய வாழைப்பழத் தோலும் போன மாதத்துக் கீரைத் தண்டும் ஒரே அறையில் உருண்டால் அந்த அறையில் எப்போதுமே உரம் ‘தயார்’ ஆகாது. இரண்டு அறை உள்ள டிரம்மை வாங்கச் சொல்வது இதனால்தான்: ஒன்று நிரம்பியதும் அதில் போடுவதை நிறுத்திவிட்டு மற்றதைத் தொடங்கலாம். நிறுத்திய நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம், பிறகு வெளியே எடுத்து நிழலில் சில வாரம் ஆறவிடுவது என்பதுதான் நேர்மையான கணக்கு.

இனி கைக்குறை. நம் சமையலறைக் கழிவு ஈரம் மிகுந்தது. காய்கறித் தோல், காபிச் சக்கை, வடித்த சோறு எல்லாமே தழைச்சத்தும் தண்ணீரும்தான். நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வேண்டும். அந்தக் கரி சருகில் இருக்கிறது, மரத்தூளில் இருக்கிறது, கிழித்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது. தென்னை நார்க்கழிவில் இந்த விகிதம் 100ஐத் தாண்டும் என்பதால் கொஞ்சம் போட்டாலே ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு என்று தொடங்கலாம். பிறகு கைதான் அளவுகோல். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் சருகு போடுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். கொழுக்கட்டை உருண்டைகள் வருவது ஈரம் கூடிய டிரம்மை மேலும் மேலும் சுற்றுவதால். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலைந்து சுற்று போதும். கூடவே தலையில் கட்டும் ‘கல்ச்சர்’ பொடிக்கு மாதாமாதம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு கை பழைய மக்கிய உரமோ, சாணிக் கரைசலோ, புளித்த மோரோ போதும்.

மீன் செதில், எலும்பு, எண்ணெய், ஊறுகாய் மிச்சம், நாய் பூனைக் கழிவு ஆகியவற்றை இந்த டிரம்முக்குக் காட்டவே கூடாது. சூடு போதாத இடத்தில் அவை அழுகும். பெருச்சாளிக்கு அழைப்பிதழ் வைத்தது போலாகும். சாமி படத்து மாலையைப் போடுகிறவர்கள் நூலை உருவிவிட்டுப் போடட்டும். பிளாஸ்டிக் இழை அச்சில் சுற்றிக்கொண்டால் டிரம் நின்றுவிடும். ‘மக்கும் பை’ என்று அச்சிட்ட பைகளிலும் எச்சரிக்கை தேவை. இத்தகைய பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 தரம், பெரிய உர ஆலைகளில் நிலவும் சூட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டு டிரம்மில் அந்தப் பை மாதக் கணக்கில் பையாகவே கிடக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் டிரம் பிழை செய்தால் அது பொருளின் குறை. பாதி நிரம்பியதும் அச்சு வளைவது, இரண்டு கோடைக்குள் பிளாஸ்டிக் நொறுங்குவது, மூடி தானாகத் திறந்துகொள்வது, சொன்ன கொள்ளளவு இல்லாதது, படத்தில் இருந்த இரண்டாம் அறை பெட்டியில் இல்லாதது ஆகியவற்றுக்கு வாங்கியவர் பொறுப்பல்ல.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கே பலமான துணை. இணையத்தில் வாங்கியிருந்தால், அதன் கீழ் வந்த 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் சேரும். பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலோ, விற்பவர் திரும்பப் பெற மறுக்க முடியாது. ‘தோட்டப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிற வரி இந்த இடத்தில் செல்லாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தொலைபேசியில் கத்துவதைவிட எழுத்தில் புகார் கொடுத்துப் பதிவு எண் வாங்குவது ஏன் மேல் என்பது இதிலிருந்தே புரியும்.

‘14 நாளில் உரம்’, ‘நூறு சதவீதம் இயற்கைக்கு உகந்தது’ போன்ற வாசகங்களுக்கும் கேள்வி உண்டு. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆதாரம் இல்லாமல் ‘பசுமை’, ‘இயற்கை’ என்று அடித்துவிடுவதைக் கட்டுப்படுத்த அந்த ஆணையம் 2024 அக்டோபரில் தனி வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. தண்டத் தொகை வாங்கியவர் கைக்கு வராது. ஆனால் அந்த விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருப்பவருக்குத் தன் வழக்கில் அது வலுவான சான்று. வாங்கும் அன்றே படமெடுத்துவிட வேண்டும். சண்டை வந்த பிறகு தேடினால் ‘14 நாள்’ ‘8 வாரம்’ ஆகியிருக்கலாம்.

விற்பவர் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். சாதாரண வழக்கை மூன்று மாதத்துக்குள்ளும், ஆய்வகச் சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையைச் சொல்லாமல் விற்று, அதனால் காயமோ சேதமோ நேர்ந்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பு உண்டு. டிரம்முக்கும் அதைத் தாங்கும் இரும்புக் காலுக்கும் நடுவே குழந்தையின் விரல் மாட்டிக்கொண்டால்தான் இந்தப் பொறுப்பின் அருமை தெரியும்.

சில நூறு ரூபாய்க்குப் பழைய நீல டிரம் வாங்கித் தாமே துளை போட்டுக்கொள்பவர்கள் இந்தப் பாதுகாப்பை எல்லாம் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அதைவிடப் பெரிய கேள்வி, அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்பது. அபாயகரமான ரசாயனம் படிந்த காலி டிரம், 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி தானே ஓர் அபாயகரக் கழிவு. கழுவியாயிற்று என்று கடைக்காரர் சொல்வது சான்றாகாது. உணவுப் பொருள் வந்த டிரம் என்று ஒட்டுச்சீட்டு சொன்னால் மட்டும் வாங்கலாம். நம் கீரைக்குப் போகப் போகிற உரம் அல்லவா?

எடையும் யோசிக்க வேண்டியது. 200 லிட்டர் டிரம்மில் ஈரக் கழிவு நிறைந்தால் 100 கிலோவைத் தாண்டலாம். அத்தனையும் நான்கு கால்களில் இறங்கும். ஏறி நடமாடும் மாடிக்கு இந்தியத் தரநிலை வைக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நல்ல கான்கிரீட் தளத்துக்குக் கவலையில்லை. மரக்கட்டையும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் என்றால் சுவர் ஓரமாக, கால்களுக்கு அடியில் பலகை போட்டு, சிறிய டிரம்மாக வைப்பதே புத்தி. புயல் அறிவிப்பு வந்தால் டிரம்மைச் சுவரோடு கட்டிவிட வேண்டும். 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னை மாடிகளிலிருந்து என்னவெல்லாம் பறந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுக்ககத்தில் மாடி பெரும்பாலும் பொது இடம். சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிட்டு டிரம்மை ஏற்றுவது நல்லது. சங்கம் முகம் சுளித்தால் எடுத்துக்காட்ட ஒன்று உண்டு: 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே அப்போதைய திடக்கழிவு விதிகள் சொல்லிவிட்டன. ஏப்ரல் 2022இல் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்து புகைந்ததைச் சுவாசித்த ஊருக்கு வேறு காரணம் தேவையா? அதே சமயம், பக்கத்து வீட்டாரின் மூக்குக்கும் உரிமை உண்டு. வாடை அடித்தால் அது கைக்குறையின் அடையாளம்; சருகு போட்டால் ஓரிரு நாளில் அடங்கும். கசிவு நீர்த் தட்டில் தண்ணீரைத் தேங்கவிடுவதுதான் மன்னிக்க முடியாதது. கொசு அங்கே குடியேறினால் மாநகராட்சி ஊழியர் கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும்.

உடல்நலம் பற்றிப் பயமுறுத்தத் தேவையில்லை, அலட்சியமும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1980களின் இறுதியில் தொட்டி மண்கலவையோடு தொடர்புள்ள லெஜியோனெல்லா நுரையீரல் தொற்று கண்டறியப்பட்டது. அங்கே இன்றும் உரமூட்டைகளில், மூச்சில் இழுக்காதீர், கை கழுவுவீர் என்ற எச்சரிக்கை இருக்கிறது. காய்ந்த உரத்தைக் கிளறும்போது பூஞ்சை வித்துகளும் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் மூடியைத் திறக்கும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் விடலாம். மற்றவர்கள் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, முகக்கவசத்தோடு கிளறலாம்.

உரம் ஆயிற்றா என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். அஞ்சறைப்பெட்டியிலிருந்து இருபது வெந்தயம் போதும். பத்தை உரம் கலந்த மண்ணிலும் பத்தை வெறும் தோட்ட மண்ணிலும் ஊன்றி, ஐந்தாறு நாள் பாருங்கள். உரத்தில் ஊன்றியவை முளைக்காமலோ நுனி கருகியோ இருந்தால் அது இன்னும் பச்சை உரம். டிரம்முக்குள் திருப்பிப் போட்டு, ஒரு கை சருகு சேர்த்து, மூன்று வாரம் கழித்து மறுபடியும் வெந்தயம் ஊன்றிப் பார்க்கலாம்.