கரண்டு போனது... ஏழு கிலோ கறியும் போனது!
பிரிட்ஜை நம்பி வயிற்றைக் கெடுத்துக்கொண்ட குடும்பம்

2023-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கிக் கொண்டிருந்தது. விடாத மழை. ஆனால் வடசென்னையில் ஒரு குறுகலான சந்தில், ஆட்டோ டிரைவர் ஒருவர் வீட்டில் மட்டும் ஒரே குதூகலம். காரணம், மறுநாள் அவர் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்!

காலையிலேயே கடைக்குப் போய், ஏழு கிலோ மாட்டுக்கறி வாங்கி வந்தார் டிரைவர். தொடைக்கறி. முழுசாக ஒரே துண்டு. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் ரூபாய் செலவு.

பாதியை அன்று இரவே பெரிய குண்டானில் குழம்பாக வைத்தார்கள். சூடு ஆறாமல் இருக்க மூடி போட்டு, அடுப்பின் மேலேயே விட்டுவிட்டார்கள். மீதியை வெட்டாமல், அப்படியே கட்டையாக பிரிட்ஜுக்குள் திணித்தார்கள்.

விடியற்காலை கரண்டு போனது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. வரவும் முடியாது.

நள்ளிரவில் அலறல்!

"இவ்ளோ கறியை வீணாக்குறதா?" என்று மதியம் குழம்பை லேசாகச் சுட வைத்து எல்லோரும் சாப்பிட்டார்கள். நள்ளிரவில் நாலு பேருக்கு வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. வெளியே இடுப்பளவு தண்ணீர். ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டிலேயே ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ இல்லை! உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் குடித்தே பொழுதை விடிய வைத்தார்கள். நல்ல வேளை, ஒரே நாளில் சரியாகிவிட்டது.

பிரிட்ஜில் வைத்த பாதி? புதன்கிழமை கதவைத் திறந்தபோது யாரும் பக்கத்தில் நிற்க முடியவில்லை. வாளியில் போட்டு வெளியே எடுத்துப் போகும்போது, வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுததை அக்கம்பக்கத்தார் இன்றும் சொல்கிறார்கள்.

எங்கே நடந்தது தப்பு?

கறி கெட்டதல்ல. துண்டும் குண்டானும் பெரிசாக இருந்ததுதான் வம்பு. பெரிய கறித்துண்டு, ஆழமான குண்டானில் இருக்கும் குழம்பு, இரண்டும் நடுவில் ஆற நேரம் பிடிக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவேதான் கிருமிகள் பெருகும். மாட்டுக்கறியில் வருகிற ஒரு வகைக் கிருமியின் விதை, கொதித்தாலும் சாகாது. குழம்பு மெள்ள மெள்ள ஆறும்போது அது முளைத்து ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். மறுநாள் லேசாகச் சுட வைத்தால் அசையாது. தளதளவென்று கொதிக்க வேண்டும். சில கிருமிகள் விட்டுப்போன விஷம், கொதித்தாலும் போகாது. அதனால் இரவெல்லாம் வெளியே இருந்த குழம்பைக் கொட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

கடைக்காரர் சொல்கிறார்

"கடையிலேயே வெட்டச் சொல்லி வாங்கணும் சார்" என்கிறார் புளியந்தோப்பு பக்கம் கறிக்கடை வைத்திருப்பவர். "முழுத் தொடையை வீட்டுக்குக் கொண்டுபோனா பொம்பளைங்க கஷ்டப்படுவாங்க. நாருக்குக் குறுக்கே வெட்டினா சீக்கிரம் வேகும். முத்தின கறின்னா பச்சை பப்பாளி ஒரு துண்டு அரைச்சுத் தடவுங்க. அரை மணி நேரம் போதும், பஞ்சா ஆயிடும்."

வைத்துக்கொள்ளும் வழி இதுதான்:

* அரை அரை கிலோவாகப் பிரித்து, பொட்டலம் கட்டி, பிரீஸரில் தட்டையாக அடுக்குங்கள். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். உறைந்ததை வெளியே வைக்காமல் பிரிட்ஜின் கீழ்த் தட்டிலேயே இளக விடுங்கள்.

* சமைத்த குழம்பை அகலமான தட்டுகளில் ஊற்றி ஆற வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

* கரண்டு போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடிய பிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். நிறைந்த பிரீஸர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள், பாதி நிறைந்ததாயின் ஒரு நாள்.

பெரம்பூர் ரகசியம்

முழுத்துண்டாகவே வைக்க வழி இல்லையா? உண்டு! பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமசுக்கு 'சால்ட் மீட்' போடுவது வழக்கம். பெரிய துண்டை முள்கரண்டியால் எங்கும் குத்தி, உப்பு, எலுமிச்சைச்சாறு, கொஞ்சம் வெடியுப்பு தேய்த்து, மேலே பாரம் வைத்து, தினமும் திருப்பிப் போட்டு, பல நாள் ஊறவிட்டு வேக வைப்பார்கள். ஆனால் வெடியுப்பு விளையாட்டுப் பொருள் அல்ல. கண் அளவில் போடக்கூடாது. அளவு தெரிந்தவர் கூட இருந்து செய்ய வேண்டும். ஊறுவதும் பிரிட்ஜுக்குள்தான்.

நம் ஊர் வழி உப்புக்கண்டம். மெல்லிய பட்டைகளாக வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து நல்ல வெயிலில் காய வைப்பது. மழைக்காலத்தில் அதுவும் நடக்காது.

ஆயாவின் வழி

அதே சந்தில் ஒரு ஆயா. அவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு கிலோ வாங்கியிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"வானம் இருண்டு கெடக்குது. வெயில் இல்லாத நாள்ல உப்புக்கண்டம் போட்டா புழுதான் மிஞ்சும். பொட்டியை நம்பலாமா? கரண்டு போனா அது வெறும் பீரோ தானே தம்பி! சாயங்காலமே எல்லாத்தையும் வறுத்தேன். நாலு வூட்டுக்குக் கிண்ணத்துல கொடுத்தேன். மறுநாள் எங்கூட்ல அடுப்பு எரியல. அவங்கதான் எனக்குக் கஞ்சி கொடுத்தாங்க."

ஆட்டோ டிரைவர் வீட்டுக் கல்யாணப் பேச்சு முறியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மறுபடியும் ஏழு கிலோ. இந்தத் தடவை வெட்டி வாங்கினார்கள். காலையில் சமைத்து, மதியம் பரிமாறினார்கள். மிஞ்சியது ஒரு கிண்ணம். அதுவும் அன்று சாயங்காலமே ஆயா வீட்டுக்குப் போய்விட்டது!