மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகு

"நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று டாக்டர் சொன்னவுடன் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதிப் பெருமூச்சு வருகிறது. உறவினர்களுக்குத் தொலைபேசியில் செய்தி போகிறது. ஆனால் பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, முதுகுத் தண்டுக் காயம் போன்றவற்றில் மருத்துவமனை செய்வது முதல் பாதி வேலைதான். உயிரைக் காப்பாற்றித் தருகிறார்கள். பிழைத்தவரை மறுபடியும் உட்கார, நடக்க, உண்ண, பேச வைக்கும் இரண்டாவது பாதி நம் வீட்டில் நடக்கிறது. இதற்கு மறுவாழ்வுச் சிகிச்சை என்று பெயர்.

நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் இருப்புப் பாதைப் பராமரிப்பில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். என் தமையனார் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, எங்கள் பாலிகஞ்ச் வீட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்து தேறினார். அப்போது டாக்டர்களிடமும் பிஸியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை, பிள்ளைகள் வெளியூரில் இருக்க முதியவர்கள் இருவராகக் குடியிருக்கும் நம் சங்கக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

வேலூர் சொல்லும் பாடம்

கொல்கத்தாவில் நாம் தமிழர் என்று தெரிந்தால், அக்கம்பக்கத்து வங்காளிகள் முதலில் கேட்பது, "வேலூர் போகவேண்டும், அங்கே யாரையாவது தெரியுமா?" என்பதுதான். ஹவுராவில் ஏறிக் காட்பாடியில் இறங்கும் நோயாளிகளை நம்மில் பலரும் பார்த்திருப்போம். அந்த வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில்தான் நம் நாட்டு மறுவாழ்வுச் சிகிச்சையின் ஒரு பெரிய அத்தியாயம் எழுதப்பட்டது. எழுதியவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

1925இல் கொச்சியில் பிறந்த அவர், வேலூரில் இளம் டாக்டராக இருந்தபோது 1954இல் ஒரு கார் விபத்தில் சிக்கினார். முதுகுத் தண்டு அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தன. அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சீர்செய்து வந்த டாக்டர் பால் பிராண்ட் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. கைகள் நன்றாக இருக்கின்றனவே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏன் அறுவை சிகிச்சை செய்யக்கூடாது என்பது அவர் எண்ணம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடமும் மறுவாழ்வுச் சிகிச்சை பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையின் தலைவரானார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986இல் மறைந்தார். அந்த நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணனின் வரலாறும் இப்படிப்பட்டதே. 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், தம்மைப் போன்றவர்களுக்காகவே ஒரு கிராமத்தில் பெரிய ஸ்தாபனத்தை வளர்த்தார். 2020இல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இருவர் விஷயத்திலும் சுற்றியிருந்தவர்கள் பரிதாபப்பட்டதோடு நிற்கவில்லை. மிச்சமிருக்கும் திறமைக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டில் நாம் செய்யவேண்டியதும் அதுவே. சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்ள அண்ணாவுக்குப் பத்து நிமிடம் ஆகும். மன்னி போட்டுவிட்டால் அரை நிமிடம். அந்தப் பத்து நிமிடம்தான் அன்றைய சிகிச்சை. அன்பினால் அதைப் பறித்துவிடக்கூடாது.

படிப்படியான வேகம்

தண்டவாளத்தின் அடியிலுள்ள ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்ட பிறகு, அன்றே மெயிலை முழு வேகத்தில் விடமாட்டோம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர், பிறகு 45, பிறகு 75, கடைசியில்தான் பழைய வேகம். ஒவ்வொரு படியிலும் ஜல்லியை இறுக்கிச் சரிபார்த்த பிறகே வேகம் கூடும். அதே சமயம், ரயிலே ஓடாமல் நிறுத்தி வைத்தாலும் புதுப் பாதை இறுகாது. வண்டி ஓட ஓடத்தான் படியும்.

உடம்பும் அப்படியே. பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி அழிந்தால், பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முயல்கின்றன. திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது நிலைக்கும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஆறு மாதத்துக்குப் பின் மெதுவாகும், ஆனால் நின்றுவிடுவதில்லை. ஆகவே முதல் மூன்று மாதங்களை ஓய்வு என்று படுக்கையில் கழிப்பது பெரிய நஷ்டம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. தாமாகப் புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944இல், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் இதைக் கண்டிப்பாக நடத்திக் காட்டினார். அதற்கு முன்பு முதுகுத் தண்டு அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலுமே இறந்தார்கள். குதிகால், இடுப்பு, பிருஷ்டம் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

2. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு தசைப் பிடிப்பில்லாமல் இருப்பதால் நழுவும். அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும். இடுப்பில் துணிப் பட்டையைக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். எப்படி என்பதைப் பிஸியோதெரபிஸ்டிடம் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

3. விழுங்குவதைச் சோதித்த பிறகே வாய்வழி ஆகாரம். நாம் கரிசனத்தோடு முதலில் கொடுப்பது ரசமும் தண்ணீரும். ஆனால் விழுங்கும் தசை பலவீனமானவருக்கு நீர்த்த திரவம்தான் ஆபத்து. மூச்சுக் குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுவிடும். குழைந்த தயிர் சாதமும் கெட்டிக் கஞ்சியும் பொதுவாக எளிது. நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு வாயாகக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி படுக்க விடாதீர்கள்.

4. சட்டை போடும்போது செயலிழந்த கை முதலில் நுழையட்டும். கழற்றும்போது அது கடைசியில் வரட்டும்.

5. நம் பகுதிப் பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது, உயர்ந்த வாசற்படி உண்டு, சிவப்புத் தரை ஈரம் பட்டால் வழுக்கும். படியேறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது பலவீனமான கால் முதலில். கைத்தடி நல்ல கையில் இருக்கவேண்டும். குளியலறைச் சுவரில் பிடிகம்பி, உயரமான கம்மோடு, இரவு விளக்கு ஆகிய மூன்றையும் நோயாளி வீடு வருமுன்பே அமைத்துவிடுங்கள்.

6. இரத்த அழுத்த மாத்திரையை நன்றாக இருக்கிறதே என்று நிறுத்த வேண்டாம். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை திடீரெனத் தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். அதுவும் எவ்வளவு முன்பாகவோ அவ்வளவு நல்லது.

எந்த மொழியில் பேசுவது?

இது நம்மைப் போல வெளி மாநிலத்தில் வாழ்பவர்களுக்கே உரிய பிரச்சினை. அண்ணாவின் பேச்சுப் பயிற்சியாளர் வங்காளியிலும் இந்தியிலும் படங்களைக் காட்டிக் கேட்பார். நாற்பது ஆண்டுகள் வங்காளியில் சரளமாகப் பேசிய அண்ணா விழிப்பார். பயிற்சியாளர், புரியவில்லை என்று குறித்துக்கொள்வார். மன்னி தமிழில் "தண்ணி எது?" என்றால் விரல் சரியாகப் படத்துக்குப் போகும். அதைக் கண்டபின் பயிற்சியின்போது மன்னியும் பக்கத்தில் உட்கார ஏற்பாடாயிற்று.

பல மொழி அறிந்தவருக்குப் பேச்சுப் போய்த் திரும்பும்போது எது முதலில் வரும்? நோய்க்கு முன் அன்றாடம் அதிகம் புழங்கிய மொழியே முதலில் திரும்பும் என்று பிரெஞ்சு டாக்டர் பீத்ர் 1895இல் எழுதினார். குழந்தையில் கற்றதே முதலில் வரும் என்ற கட்சியும் உண்டு. அனுபவத்தில் இரண்டும் நடக்கிறது. எல்லா மொழியும் சேர்ந்தே திரும்புவதும் உண்டு. ஆகவே சிகிச்சை தருபவரிடம், நோயாளி எந்த மொழியில் பிறந்து, எதில் படித்து, எதில் உத்தியோகம் பார்த்தார் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஹைதராபாதில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். பக்கவாதத்துக்குப் பின் அறிவாற்றல் பழையபடி இருந்தவர்கள், இரு மொழி அறிந்தோரில் 40.5 சதவீதம், ஒரு மொழி மட்டும் அறிந்தோரில் 19.6 சதவீதம். பேச்சிழப்பு மட்டும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு. நாம் இங்கே வந்து வங்காளி கற்றது வீண் போகவில்லை!

ஆயா சென்டரிலிருந்து வரும் பெண்ணுக்கு வங்காளிதான் தெரியும். அதனால் கட்டில் அருகே ஓர் அட்டை மாட்டினோம். தாகம் என்றால் 'தேஷ்டா', பசி என்றால் 'கிதே', வலி என்றால் 'ப்யதா' என்று ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் வங்காளி, நடுவில் படம். ஒரு வாரத்தில் அந்தப் பெண் 'வலி' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டாள்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?

பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. காரணமில்லாமல் அழுவதும் கோபிப்பதும் பிடிவாதம் என்று எண்ணக்கூடாது. அதற்கும் மருந்துண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் அருகிலிருந்து கவனிக்கும் மனைவியின் சோர்வை யாரும் கேட்பதில்லை. இரவு பலமுறை எழும் அவர்களுக்கும் இடுப்பு வலி, இரத்த அழுத்தம் எல்லாம் உண்டு. எங்கள் வீட்டில் மன்னிக்குக் கிழமைக்கு ஒரு மாலை முழு விடுமுறை என்று வைத்தோம். அந்த நேரத்தில் நான் அண்ணாவுடன் சீட்டாடுவேன். இடது கையால் அவர் சீட்டு கலைப்பதும் ஒரு பயிற்சியே.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பணம் அனுப்புவது நல்லது. அதோடு தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் அப்பாவோடு போனில் பேசுங்கள். அவர் சொல் தேடித் தடுமாறும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் காத்திருங்கள்.

நம் ஊரில் கிடைக்கும் உதவி

செயற்கை உறுப்பு, காலிப்பர், சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கு பி.டி. ரோட்டில் போன்ஹூக்ளியில் 1978இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையிலும் இதற்கெனத் தனித் துறை உண்டு. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ நிலைத்துவிட்டால், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் பெறலாம். உடலியக்கக் குறைபாட்டால் துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாதவருக்கு, ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்லும் ஒருவருக்கும் அதே சலுகை. இது பலருக்குத் தெரியாததால் ரயில்வேக்காரன் என்ற முறையில் குறிப்பிடுகிறேன்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறோம். அவற்றுக்குப் பதிலாக, "வியாழக்கிழமை நாலு மணி முதல் ஆறு மணி வரை நான் வந்து இருக்கிறேன், நீங்கள் வெளியே போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நம் உறுப்பினர்களில் ஏழெட்டுப் பேர் முறை வைத்துக்கொண்டால், இந்த ஊரில் தனியாக இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் இந்தச் சுமையைத் தனியே சுமக்க வேண்டியிராது. முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.