மூன்று துளைகளின் சாட்சியம்

ஆயிரம் கஜம், அதாவது 914 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கைச் சுடும் போட்டிகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியும் இங்கிலாந்தின் பிஸ்லியும் இவற்றுக்குப் புகழ்பெற்ற களங்கள். கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவார்சன் உருவாக்கிய 'எஃப்-கிளாஸ்' பிரிவில், பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10 அங்குலம். அதற்குள் இருக்கும் நடுவட்டம் 5 அங்குலம். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு, அதன் நடுவே ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போட்டிகளில் தீவிரமாக ஈடுபடுவோரில் பெரும்பாலோர் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக் கொள்கிறார்கள். தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொருந்த வேண்டும். எதிலும் அழுத்தம் எல்லை மீறக் கூடாது. தனியாகச் சொல்லிச் செய்வித்த துப்பாக்கியின் குழலும் அறையும் அதற்கென்றே கடையப்பட்டவை. ஆகவே பித்தளை உறை, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கையும் தேர்ந்து, அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும் ஏற்றபடி சேர்க்கிறார்கள். மருந்தை 0.1 கிரெய்ன் வரை, அதாவது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் வரை நிறுக்கிறார்கள். குண்டை உறைக்குள் எவ்வளவு ஆழம் செருகுவது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகளாக மாற்றிப் பார்க்கிறார்கள். தயாரிப்பாளரின் கையேடு தரும் குறைந்த அளவில் தொடங்கி, சிறிது சிறிதாக மருந்தைக் கூட்டிக்கொண்டே போய், எந்த அளவில் துளைகள் நெருக்கமாக விழுகின்றன என்று தேடுவதே வழக்கமான முறை.

நான் துப்பாக்கியைத் தொட்டவன் அல்லன். புள்ளியியலைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் என் கவனத்தை ஈர்த்தது, அந்தத் தேடலின் முடிவை அவர்கள் எதை வைத்து அறிவிக்கிறார்கள் என்பதுதான். ஒவ்வோர் அளவுக்கும் மூன்று தோட்டாக்கள் சுடுகிறார்கள். மூன்று துளைகளில் மிகவும் விலகியிருக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்கிறார்கள். எது மிகக் குறைவோ அதுவே இந்தத் துப்பாக்கிக்கு உகந்த அளவு என்று தீர்மானித்து விடுகிறார்கள்.

ஒரே மாதிரியான பத்துத் தொகுதிகளை எண்ணிப் பாருங்கள். மருந்து, குண்டு, ஆழம் எதிலும் வேறுபாடில்லை. சிதறல் முழுவதும் தற்செயலானது. அப்போதும் மூன்று துளைத் தொகுதிகளின் அகலம் ஒன்றுபோல இராது. பத்தில் மிகச் சிறியது சராசரியில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும். மிகப் பெரியது அந்தச் சிறியதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கும். மருந்தின் அளவை மாற்றிய ஒருவர் இதே பத்துத் தொகுதிகளைக் கண்டால் என்ன நினைப்பார்? நான்காவது அளவில் துப்பாக்கி 'பாடுகிறது', ஏழாவதில் 'முரண்டு பிடிக்கிறது' என்றுதான் நினைப்பார். காரணமே இல்லாத இடத்தில் காரணம் பிறந்துவிடுகிறது. அடுத்த வாரம் அதே 'சிறந்த' அளவைச் சுட்டால் தொகுதி விரிகிறது. வெயில், ஈரப்பதம், புதிதாக வாங்கிய மருந்து என்று பழி எங்கெங்கோ போகிறது. உண்மையில் அது சராசரிக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

குண்டின் வேகத்தை அளக்கும் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. அதன் எண்கள் நம்பிக்கையை இன்னும் கூட்டுகின்றன. ஐந்து தோட்டாக்களின் வேகத்தில் திட்ட விலக்கம் நொடிக்கு 10 அடி என்று காட்டினால், 95 விழுக்காட்டு நம்பக எல்லைகள் சொல்வது, உண்மை மதிப்பு 6 முதல் 29 வரை எங்கும் இருக்கலாம் என்பதே. முப்பது தோட்டாக்கள் சுட்டால் அந்த இடைவெளி 8-க்கும் 13-க்கும் சற்று மேலான எல்லைக்குள் சுருங்கும். கருவி பொய் சொல்லவில்லை. ஐந்து தோட்டாக்களால் சொல்லக் கூடியது அவ்வளவே.

இதில் அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. சிறிய மாதிரிகளின் மீது வைக்கும் மிகைநம்பிக்கையைப் பற்றி ட்வெர்ஸ்கியும் கானமனும் 1971-இல் எழுதிய கட்டுரை, முறையான பயிற்சி பெற்ற ஆய்வாளர்களிடமே அது இருப்பதைக் காட்டியது. நம் துறையிலும் இரண்டு மூன்று ஆண்டு வளர்ச்சி விகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு கொள்கைக்கு மாலை போடுவோரும் மண்ணை வாரித் தூற்றுவோரும் குறைவில்லை.

'அப்படியானால் எல்லாவற்றையும் முப்பது முறை சுடட்டுமே' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இங்கேதான் பொருளியல் நுழைகிறது. பத்து மருந்தளவு, ஐந்து ஆழம், இரண்டு வகை மருந்து, இரண்டு வகைக் குண்டு என்றால் 200 சேர்க்கைகள். ஒவ்வொன்றும் முப்பது என்றால் 6,000 தோட்டாக்கள். 2007-இல் ஹார்னடி நிறுவனம் அறிமுகப்படுத்திய 6.5 கிரீட்மூர் வகைத் துப்பாக்கியின் குழல் போட்டித் தரத்தில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 சுடுதல்கள் வரைதான் தாங்கும். சுடும்போதெல்லாம் சூடான வாயு குழலின் தொண்டையை அரிக்கிறது. சரியான விடை கிடைக்கும்போது கேள்விக்குரிய குழலே இராது! மாதிரிக்கு விலை உண்டு என்ற இந்தச் சிக்கல் புதியதன்று. டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், பெருந்தொகை மாதிரிகள் கிடைக்காத நிலையில் குறைந்த அளவுகளைக் கொண்டே எவ்வளவு தூரம் முடிவு செய்யலாம் என்று கேட்டார். 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே இன்றைய 'டி' சோதனை பிறந்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எந்தெந்தச் சோதனைகளைச் செய்யாமல் விடலாம் என்பது. பலர் சுட்டுத் தேர்ந்த குண்டையும் மருந்தையும் எடுத்துக்கொண்டால் 200 சேர்க்கைகள் நான்கைந்தாகக் குறையும். அவற்றை இருபது முப்பது முறை சுட்டு, விலகிய ஒரு துளையை 'என் கை நடுங்கிவிட்டது' என்று தள்ளிவிடாமல் கணக்கில் சேர்த்தால், உண்மையிலேயே மோசமானவை தாமாக விலகிவிடும். எஞ்சியவற்றுள் எது சிறந்தது என்பது பெரும்பாலும் பிரித்தறிய முடியாத வேறுபாடு. வேகச் சீர்மை போதுமான அளவு உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படி மிச்சமாகும் குழலாயுளை எங்கே செலவிடுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இந்த 6.5 கிரீட்மூரில் பக்கவாட்டுக் காற்று மணிக்கு ஒரு மைல் வேகம் மாறினாலே, ஆயிரம் கஜத்தில் குண்டு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் விலகும். நடுவட்டத்தின் மொத்த விட்டமே 13 சென்டிமீட்டருக்குக் குறைவு. மருந்தில் 6.5 மில்லிகிராமைக் கூட்டிக் குறைத்துத் துளைகளைச் சில மில்லிமீட்டர் நெருக்கியவர், மணிக்கு ஒரு மைல் காற்றைத் தவறாக மதிப்பிட்டால் அந்தக் கிண்ணத்துக்கு வெளியே போய் விழுவார்.